முஸ்தாங்ல மவுண்டன் பைக் ஓட்டப் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

போன வருஷம் அக்டோபர்ல நாங்க நாலு பேர் நேபாளத்துல லோயர் முஸ்தாங் பக்கம் 12 நாள் மவுண்டன் பைக் ட்ரிப் போயிட்டு வந்தோம், பைக்னா மோட்டார் பைக் இல்ல, மலைப் பாதைக்குன்னே செஞ்ச சைக்கிள். வந்ததுல இருந்து தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஒரே கேள்வி, அதுல முக்கால்வாசி திரும்பத் திரும்ப அதே கேள்விதான், அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். அந்த ஊர் மேல எனக்கு ரொம்பப் பாசம், அது நடுநடுவுல எட்டிப் பார்க்கும்.

முஸ்தாங் எங்க இருக்கு? நேபாளத்துல எவ்ளோ இடம் இருக்கு, ஏன் அங்க போனீங்க?

பொக்காராவுக்கு வடக்க, அன்னபூர்ணா, தவுளகிரி மலைகளுக்குப் பின்னாடி. தவுளகிரி 8,167 மீட்டர், அன்னபூர்ணா 8,091 மீட்டர், இந்த ரெண்டுக்கும் நடுவுல காளி கண்டகி ஆறு மலையை அறுத்துக்கிட்டு தெற்க ஓடுது. மழை மேகம் எல்லாம் மலைக்குத் தெற்குப் பக்கமே கொட்டித் தீர்த்துடும், அதனால பின்பக்கம் காஞ்ச பூமி. பழுப்பும் காவியுமா மொட்டை மலை, மேல வெள்ளை சிகரம், ஊர் இருக்கிற இடத்துல மட்டும் ஒரு கை அகலம் பச்சை.

பைக் ஓட்டுறவங்களுக்கு இது ஏன் ஸ்பெஷல்னா ரெண்டு காரணம். ஒண்ணு, முக்திநாத் கோயில் கிட்ட 3,700 மீட்டர்ல இருந்து கீழ பேனிங்கிற ஊர்ல 830 மீட்டர் வரைக்கும் ஆத்தோட கூடவே இறங்கலாம், குளிர் பாலைவனத்துல கிளம்பி பைன் காட்டுக்குள்ள புகுந்து கடைசில ஆரஞ்சு மரமும் வாழையும் இருக்கிற ஊருக்கு வந்து சேருவீங்க, எல்லாம் ஒரே ட்ரிப்ல. ரெண்டாவது, இங்க இருக்கிற ட்ரெயில் எதுவும் பைக்குக்காக வெட்டினது இல்ல. திபெத்துல இருந்து உப்பு கீழ வரும், தெற்க இருந்து அரிசி மேல போகும், கோவேறு கழுதை மேல ஏத்திட்டு நூத்துக்கணக்கான வருஷமா மனுஷங்க நடந்து நடந்து உண்டான பாதை அது. அதுல டயர் உருளும்போது வர்ற ஒரு உணர்வு பைக் பார்க்ல எல்லாம் வராது, நான் ரெண்டுலயும் ஓட்டிட்டுத்தான் சொல்றேன்.

லோயர் முஸ்தாங், அப்பர் முஸ்தாங் என்ன வித்தியாசம்?

காக்பேனி ஊர் வரைக்கும் லோயர். அதுக்கு வடக்க போனா அப்பர், அங்க போக வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரெஸ்ட்ரிக்டட் ஏரியா பெர்மிட் வேணும், செலவும் நிறைய. முதல் தடவைக்கு லோயரே தாராளம்.

சைக்கிள் நல்லா ஓட்டுவேன், ஆனா மலைல ஓட்டினதே இல்ல. முடியுமா?

முடியும், ஆனா எந்தப் பாதைல போறீங்கங்கிறதுதான் விஷயம். ஜீப் ரோடு கிட்டத்தட்ட எல்லா ஊருக்கும் போகுது, அதுல ஓட்ட டெக்னிக் பெருசா வேண்டாம், தெம்பு வேணும், தூசி தாங்கணும். ட்ரெயில் வேற கதை. தளர்ந்த கல்லு, குறுகின வளைவு, ஒரு பக்கம் சரிவு. கிளம்புறதுக்கு ஒரு மூணு மாசம் முன்னாடியே வாரத்துல ரெண்டு நாள் மூணு மணி நேரம் தொடர்ந்து ஏத்தம் ஏறிப் பழகுங்க, இறக்கத்துல பின்னாடி உடம்பைத் தள்ளி ரெண்டு ப்ரேக்கையும் மென்மையா பிடிக்கக் கத்துக்கங்க, முன் ப்ரேக்கைக் கண்டா பயப்படுறவங்க அந்தப் பயத்தை வீட்டுப் பக்கத்துலயே தீர்த்துட்டு வாங்க. எங்க நாலு பேர்ல ஒருத்தன் ட்ரெயிலுக்குப் புதுசு. கஷ்டமான இடத்துல எல்லாம் இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தான், எங்களை விட அவன்தான் ரொம்ப சந்தோஷமா இருந்தான்.

எந்த மாசம் நல்லது?

அக்டோபர், நவம்பர். இல்லன்னா மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் மழைக்காலம், முஸ்தாங்ல மழை கம்மிதான், ஆனா அங்க போய்ச் சேர வேண்டிய பொக்காரா-பேனி பக்கம் பேய் மழை, மண்சரிவுல ரோடு அடைபட்டா நாள்கணக்குல உக்காரணும். டிசம்பர், ஜனவரில மேல குளிர் எலும்பைக் குடையும், லாட்ஜும் நிறைய மூடிடுவாங்க.

காத்து பத்தி எல்லாரும் பயமுறுத்துறாங்களே, அவ்ளோ மோசமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுதப் போறேன், ஏன்னா இந்த ட்ரிப்பையே நடத்துறது காத்துதான்.

வெயில் ஏற ஏற வடக்க இருக்கிற திபெத் பீடபூமி சூடாகும், அங்க காத்து மேல எழும்பும், அந்த இடத்தை நிரப்ப தெற்க இருந்து காத்து இந்தப் பள்ளத்தாக்கு வழியா உள்ள இழுக்கப்படும். ரெண்டு பெரிய மலைக்கு நடுவுல இருக்கிற ஒரே சந்து இது, அதனால புனல்ல ஊதுற மாதிரி ஒரு வேகம். காலைல சுத்தமா அமைதி. பத்து பதினோரு மணிக்கு மெதுவா ஆரம்பிக்கும், மதியம் முழு வேகம், சாயங்காலம் தணிய ஆரம்பிக்கும். தினமும் இதே கதைதான்.

இதுல கவனிக்க வேண்டியது திசை. காத்து தெற்க இருந்து வடக்க, அதாவது ஆத்துக்கு எதிரா மேல்நோக்கி அடிக்கும். ஜோம்சோம்ங்கிற ஊர்ல இருந்து வடக்க காக்பேனிக்கு மதியம் போனீங்கன்னா முதுகுல கை வச்சுத் தள்ளிவிடுற மாதிரி இருக்கும். அதையே திரும்பி வரும்போது, ஜோம்சோம்ல இருந்து தெற்க இருக்கிற மார்ஃபாவுக்கு மதியம் இறங்கலாம்னு நினைச்சீங்கன்னா, இறக்கத்துலயே பெடல் போட்டாத்தான் பைக் நகரும், ஆத்து மணல் முகத்துல ஊசியா குத்தும். ஜோம்சோம் போய்ச் சேர்ந்த அன்னைக்கே நாங்க சொன்ன பேச்சைக் கேக்காம ஒரு மணிக்குக் கிளம்பி, வெறும் ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அதுக்கப்புறம் ஊர்க்காரங்க என்ன பண்றாங்களோ அதையே பண்ணோம். விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்புறது, பதினோரு மணிக்குள்ள அடுத்த ஊரு, அதுக்கப்புறம் காத்து அடங்குற வரைக்கும் ஏதாவது ஒரு வீட்டு அடுப்பங்கரைல உக்காந்துக்கிறது. எங்களுக்குக் கிடைச்ச சினேகிதம் எல்லாமே இந்த மதிய நேரத்துல கிடைச்சதுதான். வெறும் ரைடுக்காக மட்டும் பிளான் போட்டு மதியத்தையும் நிரப்பிடாதீங்க, அந்த நேரத்தைக் காலியா விடுங்க.

உங்க ரூட்டை நாள்வாரியா சொல்ல முடியுமா?

முதல் ரெண்டு நாள் காத்மாண்டு. பைக்கைப் பூட்டி, ஷிவபுரி மலை ஓரமா ஒரு ரைடு போய் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்தோம். இதை யாரும் தவிர்க்காதீங்க, ஏன்னா மேல போனதுக்கப்புறம் கியர் தட்டுதுன்னா பார்ட்ஸ் கிடைக்காது. மூணாவது நாள் பஸ்ல பொக்காரா. நாலாவது நாள் ஜீப் கூரை மேல பைக்கைக் கட்டிட்டு காலோபானி வரைக்கும், அங்க ராத்திரி. உயரம் 2,500 மீட்டர் சுமாருக்கு இருக்கும், அங்க ஒரு ராத்திரி தூங்கினது உடம்புக்கு நல்லதா போச்சு. அஞ்சாவது நாள் ஜீப்லயே ஜோம்சோம், மதியம் அந்த மார்ஃபா காத்துக் கூத்து.

ஆறாவது நாள் காக்பேனி. இந்த ஊரை ஓட்டிட்டுக் கடந்து போயிடாதீங்க. செம்மண் சுவரு, வீட்டுக்கு அடியில குனிஞ்சு போற சந்து, 1429-ல கட்டின மடம், எல்லாம் இன்னும் மனுஷங்க புழங்குற இடம். காளி கண்டகியும் ஜோங் ஆறும் சேருற கரையில மூத்தோருக்குப் பிண்டம் வைக்க இந்துக்கள் தூரதூரத்துல இருந்து வருவாங்க. நான் காலைல ஆத்தோரம் நின்னப்போ ஒரு பெரியவர் தர்ப்பையோட உக்காந்திருந்தாரு, பின்னாடி மடத்துல ஊதுகொம்பு சத்தம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கவே இல்ல.

ஏழாவது நாள் பைக்ல மேல ஜார்கோட் பக்கம் வரைக்கும் ஏறிட்டு தூங்க மறுபடி காக்பேனிக்கே இறங்கிட்டோம். எட்டாவது நாள்தான் முக்திநாத் அடிவாரத்துல இருக்கிற ராணிபவுவால தங்கினது. ஒன்பதாவது நாள் லுப்ரா இறக்கம், அதைத் தனியா சொல்றேன். பத்தாவது நாள் மார்ஃபா, துகுச்சே தாண்டி ஆத்துக்குக் கிழக்குக் கரையில இருக்கிற நடைபாதை. மேற்குக் கரையில ஜீப் ரோடு இருக்கு, தூசி, ஹாரன். கிழக்குக் கரையில பைன் இலை மெத்தை மாதிரி விழுந்து கிடக்கிற காட்டு ட்ரெயில், சத்தமே இல்லாம டயர் போகும். தொங்கு பாலம் தாண்டித்தான் போகணும், பைக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு போக வேண்டிய இடமும் உண்டு, ஆனாலும் ரோட்டுல இறங்கிடாதீங்க. பதினோராவது நாள் காசா வழியா தாதோபானி. அந்தப் பேருக்கு அர்த்தமே சுடுதண்ணி, ஆத்தோரம் வெந்நீர் ஊத்து இருக்கு, அதுல கால வச்சதும் ரெண்டு வார வலியும் கரையும். பன்னெண்டாவது நாள் பேனி, அங்க இருந்து ஜீப்ல பொக்காரா.

லுப்ரா ட்ரெயில் ஆபத்தானதா?

கவனமா ஓட்டினா இல்ல, ஆனா லேசானதும் இல்ல. ராணிபவுவால இருந்து எதிர்ல இருக்கிற மேட்டுக்கு ஏறணும், அதுல பாதிக்கு மேல தள்ளிக்கிட்டுத்தான் ஏறுவீங்க, 3,700 மீட்டருக்கு மேல பத்து தடவை மிதிச்சா இருபது தடவை மூச்சு வாங்கும். மேல போய் நின்னதும் தவுளகிரி முழுசா முன்னாடி நிக்கும், நாங்க நாலு பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்ல. அங்க இருந்து சிங்கிள் ட்ராக், அதாவது ஒரு பைக் போற அகலப் பாதை, ஆரம்பிக்குது, முதல்ல புல்லும் மண்ணுமா ஓடி, அப்புறம் சாம்பல் நிற சரிவுல வளைஞ்சு வளைஞ்சு கீழ லுப்ராங்கிற சின்ன ஊருக்குள்ள போய் விழும். திபெத்துல பௌத்தத்துக்கு முன்னாடியே வேர் விட்ட, போன்ங்கிற மதத்தை இன்னும் பின்பத்துற ஊர் அது. மத்த ஊர்ல மந்திரம் எழுதின பிரார்த்தனைச் சக்கரத்தை வலப்பக்கமா சுத்துறாங்கன்னா இவங்க இடப்பக்கமா சுத்துவாங்க, அதனால அங்க போனா அவங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு பார்த்துட்டு அப்படியே போங்க.

ஊருக்குக் கீழ ஆத்துப் படுகை, முழுக்க உருண்டைக் கல்லு, தண்ணிய ஷூவைக் கழட்டிட்டு அஞ்சாறு தடவை கடக்கணும். அங்கதான் எனக்கு ஒரு கல்லு பின்னாடி கியர் மாத்துற டீரெயிலர்ல மாட்டி, அதை ஃப்ரேமோட பிடிச்சிருக்கிற ஹேங்கர் டக்குனு முறிஞ்சுடுச்சு. ஸ்பேர் ஹேங்கர் வாங்கி வச்சிருந்தேன், ஆனா அது ஜோம்சோம் லாட்ஜ்ல விட்டுட்டு வந்த பெரிய பையில இருந்தது. செயினைக் கட் பண்ணி ஒரே கியர்ல போட்டுப் பார்த்தேன், அது கல்லுல நிக்கல. அப்போ குதிரையோட ஒரு அண்ணன் லுப்ராவுல இருந்து ஜோம்சோம் சந்தைக்கு வந்துட்டு இருந்தாரு. ஒண்ணும் கேக்கல, என் பையை வாங்கி குதிரை மேல போட்டாரு, பைக்கோட முன்பக்கத்தை அவரு ஒரு கையில பிடிச்சாரு, ரெண்டு மணி நேரம் கூடவே நடந்தாரு. ஜோம்சோம் வந்து காசு நீட்டினப்போ கையை மூடிட்டு, டீ மட்டும் குடிக்கலாம்னு சொன்னாரு. ஹேங்கர் உடம்போடயே இருக்கணும்ங்கிறது நான் கத்துக்கிட்டது, உங்க பைக் மாடலுக்கு ஏத்த ஹேங்கரை இன்னைக்கே ஆர்டர் போடுங்க, இதைப் படிச்சு முடிச்சதும்.

சொந்த பைக் கொண்டு போகணுமா, வாடகைக்கு எடுக்கலாமா?

காத்மாண்டு தமேல்லயும் பொக்காரா லேக்சைட்லயும் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் அதிர்ச்சி தாங்குற நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் பைக்கே வாடகைக்குக் கிடைக்குது. ஃப்ளைட்ல பெட்டி கட்டி கொண்டு போற தலைவலி வேண்டாம்னா வாடகை நல்லது. ஆனா எடுக்கும்போது அவசரப்படாம ப்ரேக் பேட் எவ்ளோ மிச்சம் இருக்கு, ஃபோர்க்ல எண்ணெய் கசியுதா, வீல் ஆடுதா, ட்யூப்லெஸ்னா ஓட்டையை அடைக்கிற ஸீலன்ட் திரவம் புதுசா போட்டாங்களான்னு ஒவ்வொண்ணா பாருங்க, பார்த்து போட்டோ எடுத்துக்கங்க. என் நண்பனுக்கு வாடகைக்கு வந்த பைக்ல பின் ப்ரேக் பேட் கிட்டத்தட்ட தேஞ்சே போயிருந்தது, ஷிவபுரி ரைடு போனதாலதான் தெரிஞ்சுது.

எதுவா இருந்தாலும் ப்ரேக் பேட் ரெண்டு செட், ட்யூப் ரெண்டு, செயின் குவிக் லிங்க், பம்ப், ஆலன் கீ செட், கொஞ்சம் நல்ல செயின் ஆயில். தூசில செயின் ஒரே நாள்ல வறண்டு கத்தும், தினமும் சாயங்காலம் துடைச்சு ஆயில் விடணும்.

ஜோம்சோமுக்கு ஃப்ளைட் இருக்கே, ஏன் ஜீப்?

பொக்காராவுல இருந்து 20 நிமிஷ ஃப்ளைட், ரெண்டு சிகரத்துக்கு நடுவுல போகும், அழகு. ஆனா அதே காத்து காரணமா காலைல மட்டும்தான் பறக்கும், மேகம் வந்தா கேன்சல், சின்ன ப்ளேன்ல பைக்குக்கு இடம் கிடைக்கும்னு நம்ப முடியாது. அதுவும் இல்லாம 820 மீட்டர்ல இருந்து ஒரேயடியா 2,700 மீட்டருக்குப் போறது உடம்புக்கும் அதிர்ச்சி. ஜீப்ல இடுப்பு உடையும், ஆனா பைக் கூடவே வரும்.

விசா, பெர்மிட் என்ன வேணும்?

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லன்னா வாக்காளர் அடையாள அட்டை கொண்டு போகணும். ஆதார் வச்சு போயிடலாம்னு நினைச்சு ஏர்போர்ட்ல மாட்டிக்கிறவங்க நிறைய, 15 வயசுக்குக் கீழயும் 65 வயசுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்குத்தான் அது செல்லும். இலங்கைல இருந்து வர்றவங்களுக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுங்கிறதால வருஷத்துல முதல் 30 நாள் விசா இலவசம். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்னா ஏர்போர்ட்லயே விசா, 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர்.

அன்னபூர்ணா கன்சர்வேஷன் ஏரியா பெர்மிட் எல்லாருக்கும் கட்டாயம். சார்க் நாட்டுக்காரங்களுக்கு 1,000 நேபாள ரூபாய், மத்தவங்களுக்கு 3,000. காத்மாண்டுலயோ பொக்காராவுலயோ எடுத்துடுங்க, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கையில வச்சுக்கங்க, வழியில செக்போஸ்ட்ல பார்ப்பாங்க.

கைடு வேணுமா, ஜிபிஎஸ் போதாதா?

2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்காரங்க ட்ரெக்கிங் போனா லைசென்ஸ் உள்ள கைடோட போகணும்னு விதி கொண்டு வந்திருக்காங்க. விதியை விடுங்க, ரோட்டை மட்டும் பிடிச்சுப் போறதுன்னா ஜிபிஎஸ் போதும், ஆனா கிழக்குக் கரை ட்ரெயில் எங்க மண்சரிவுல போயிடுச்சு, எந்தப் பாலம் புதுசா போட்டிருக்காங்கங்கிறது அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். பைக் ஓட்டத் தெரிஞ்ச கைடுன்னு கேட்டு வாங்குங்க. நேபாளத்துல மவுண்டன் பைக் ஒரு பெரிய வெறியா வளர்ந்திருக்கு, 2007-ல ஆரம்பிச்ச யாக் அட்டாக் ரேஸ்ல அஜய் பண்டித் சேத்ரி மாதிரி உள்ளூர் பசங்கதான் வெளிநாட்டு ப்ரொஃபஷனல்களை ஜெயிச்சுக் காட்டினாங்க. எங்க கைடு கூட ஏத்தத்துல பாட்டுப் பாடிக்கிட்டே போனான், நாங்க பின்னாடி மூச்சுக்குத் தவிச்சோம்.

ஊர் மக்கள் எப்படி? நம்மகிட்ட நல்லா பேசுவாங்களா?

இதுக்காகவே போகலாம்னு சொல்லுவேன். ஜோம்சோம்ல இருந்து காசா வரைக்கும் பெரும்பாலும் தகாளி மக்கள், தலைமுறை தலைமுறையா உப்பு வியாபாரத்துல வழிப்போக்கருக்கு சோறு போட்டுப் பழகினவங்க. விருந்தாளின்னா அவங்களுக்கு அது தொழில் மட்டும் இல்ல.

கூப்பிடுற முறையைக் கத்துக்கங்க, பாதிக் கதவு அதுலயே திறந்துடும். தீதின்னா அக்கா, பஹினின்னா தங்கச்சி, பாய்னா தம்பி. அண்ணனுக்கு அவங்க சொல்றது நம்ம காதுக்கு அப்படியே தாய்னு கேக்கும், மீசை வச்ச ஜீப் டிரைவரை தாய் தாய்னு கூப்பிட முதல்ல எங்களுக்கு வாய் வரல, ரெண்டு நாள்ல பழகிடுச்சு. உக்காலோன்னா ஏத்தம், ஓராலோன்னா இறக்கம், பிஸ்தாரைன்னா மெதுவா. இந்தக் கடைசி வார்த்தையை வழியில பார்க்கிற ஒவ்வொரு பாட்டியும் உங்ககிட்ட சொல்லுவாங்க.

மார்ஃபாவுல நாங்க தங்கின வீட்டுல மதியம் காத்து அடிக்கும்போது தீதி அடுப்புக்குப் பக்கத்துல பாய் போட்டு உக்கார வைப்பாங்க. ஆப்பிளை வட்டவட்டமா அறுத்துக் காய வைக்கிற வேலை நடந்துட்டு இருந்தது, நாங்களும் உக்காந்து அறுத்தோம். பேச்சு பாதி ஹிந்தி பாதி கை ஜாடை. அவங்க மாமனாருக்கு எண்பது வயசு இருக்கும், சின்ன வயசுல கழுதையோட துகுச்சேவுக்கு அரிசி மூட்டை கொண்டு போனதை எல்லாம் சொன்னாரு, எங்க கைடு மொழிபெயர்த்தான், நான் அன்னைக்கு ஓட்டின அதே பாதை, அவரு நடந்த பாதை. அவரு என் பைக்கோட சஸ்பென்ஷனைக் கையால அமுக்கிப் பார்த்துட்டு, இது கழுதையை விட நல்லா குனியுதேன்னு சொன்னதும் வீடே சிரிச்சது.

நாம கவனிக்க வேண்டியதும் இருக்கு. எச்சில் பார்க்கிறது நம்ம வீடு மாதிரியேதான், ஜூட்டோன்னு சொல்லுவாங்க, ஒருத்தர் கடிச்சதை இன்னொருத்தர் தட்டுல வைக்காதீங்க, பாட்டிலைத் தூக்கிக் குடிங்க. அடுப்பு நெருப்புல குப்பை போடக்கூடாது. மந்திரம் செதுக்கின கல்லுச் சுவர் வந்தா அதை வலது கைப் பக்கமா வச்சுக் கடந்து போங்க, பைக்ல போனாலும் அதே. கழுதைக் கூட்டத்தோட மணி சத்தம் கேட்டா உடனே இறங்கி மலைப் பக்கமா ஒதுங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் நிக்கவே நிக்காதீங்க, மூட்டை இடிச்சா அவ்ளோதான். ஊருக்குள்ள வேகமா ஓட்டாதீங்க, அது அவங்க வாசல்.

சாப்பாடு எப்படி, சைவத்துக்குக் கிடைக்குமா?

ரொம்ப நல்லா கிடைக்கும். தால் பாத்தான் மூணு வேளையும், சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், கேக்க கேக்க போட்டுக்கிட்டே இருப்பாங்க, புக்யோன்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க. தகாளி வீட்டுப் பருப்புல ஜிம்புன்னு ஒரு காஞ்ச தழையை நெய்யில தாளிச்சுக் கொட்டுவாங்க, பூண்டும் வெங்காயமும் கலந்த மாதிரி ஒரு வாசம், ஊருக்கு வந்து அதையே தேடிக்கிட்டு இருக்கேன். பாப்பரை (பக்வீட்) மாவுல கிண்டுற தீண்டோ நம்ம களியேதான், குழி பறிச்சு நெய் ஊத்திச் சாப்பிடுங்க, ஏத்தத்துக்கு அதை மிஞ்சின சாப்பாடு இல்ல. ஒரு மரியாதை, எந்த லாட்ஜ்ல தூங்குறீங்களோ அங்கேயே ராத்திரியும் காலையும் சாப்பிடணும், ரூம் வாடகை கம்மியா இருக்கிறதே அதை நம்பித்தான்.

உயரத்துல மூச்சுத் திணறல், தலைவலி வருமா?

வரலாம், வயசோ ஃபிட்னஸோ பார்க்காது. 3,000 மீட்டருக்கு மேல ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏறித் தூங்காம இருக்கிறது பொதுவான கணக்கு, காக்பேனில இருந்து ராணிபவுவா அதை விட அதிகம், அதனாலதான் நாங்க ஒரு நாள் மேல போய்ட்டு கீழ வந்து தூங்கினோம். தலைவலியோட வாந்தி, தள்ளாட்டம் வந்தா யோசிக்காம கீழ இறங்குங்க, ராத்திரியா இருந்தாலும் ஜீப் பிடிங்க. மாத்திரை பத்தி கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சைக்கிளிங், உயரம், ஹெலிகாப்டர் மூணும் அதுல இருக்கான்னு வரிவரியா படிங்க.

முக்திநாத் கோயிலுக்குப் போகலாமா?

கண்டிப்பா. 108 திவ்ய தேசத்துல சாளக்கிராமம்னு வணங்குற தலம் இதுதான், திருமங்கையாழ்வார் பாடினது. நேபாளிகளுக்கும் திபெத்தியர்களுக்கும் கூட இது புனித இடம், பெருமாளை பௌத்த பிக்குணிகளும் சேர்ந்து பார்த்துக்கிறாங்க. பின்னாடி வளைவா 108 தண்ணிக் குழாய், ஐஸ் மாதிரி தண்ணி, அதுக்கு அடியில ஓடி நனையுறாங்க. பக்கத்துல ஜுவாலா மாயில பாறைக்குள்ள இருந்து வர்ற வாயு அணையாம எரியுது. பைக்கை ராணிபவுவாலயே விட்டுட்டு, ஹெல்மெட்டும் பேடும் கழட்டிட்டு நடந்து போங்க. எங்க அம்மாவுக்கு அங்க இருந்து வீடியோ கால் போட்டேன், பைக் ட்ரிப்புக்கு வேண்டாம்னு சொன்ன அதே அம்மா அழுதுட்டாங்க.

பெண்கள் போகலாமா?

எங்க நாலு பேர்ல ஒருத்தி பெண், அவகிட்டயே கேட்டு எழுதுறேன்: ட்ரெயில்லயும் லாட்ஜ்லயும் பயமா ஒரு தடவை கூட இல்ல, லாட்ஜ் நடத்துறது பெரும்பாலும் பெண்கள்தான், அவங்ககிட்ட எதையும் தயங்காம கேக்கலாம். சானிட்டரி நாப்கின் பொக்காராவுலயே வாங்கிடுங்க, குப்பையைத் திருப்பிக் கொண்டு வர ஒரு பை வச்சுக்கங்க.

பணம், போன்?

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், அது நிலையான கணக்கு. ஜோம்சோம்ல ஏடிஎம் இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பாம பொக்காராவுலயே சில்லறையா மாத்திக்கங்க. மேல நேபாள் டெலிகாம் சிம் எடுக்குது. நேரம் நம்மளை விட 15 நிமிஷம் முன்னாடி.

தொரோங் லா கணவாயைத் தாண்டி மனாங் பக்கத்துல இருந்து வரலாமா?

5,416 மீட்டர். அனுபவம் இருக்கிறவங்க பைக்கை முதுகுல கட்டிக்கிட்டு தாண்டுறாங்க, யாக் அட்டாக் ரேஸும் அது வழியாத்தான் போச்சு. நாள் நிறைய இருந்து, உயரத்துல உடம்பு எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சவங்க மட்டும் யோசிங்க. முதல் ட்ரிப்புக்கு வேண்டாம்.

மறுபடி போவீங்களா?

ஏப்ரல்ல. இந்தத் தடவை மார்ஃபாவுல மூணு ராத்திரி, ஆப்பிள் பூக்குற நேரம். அங்க தெருப்பசங்க எங்க பைக்கை வாங்கி ஓட்டிப் பார்த்தாங்க, சீட்டு எட்டல, குரங்கு பெடல் போடலாம்னா நம்ம பைக் ஃப்ரேம்ல கால் நுழையாது, அப்பவும் நின்னுக்கிட்டே கல்லுத்தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனாங்க. அதுல ஒரு பொண்ணுக்கு ஒம்பது வயசு இருக்கும், ப்ரேக் பிடிக்காமலே வளைவைத் திருப்பிட்டா. அவ அளவுக்கு ஒரு சின்ன ஹார்ட்டெயில், அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற பைக், தேடிக்கிட்டு இருக்கோம், காத்மாண்டுல செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும்னு எங்க கைடு சொல்லியிருக்கான், 24 இஞ்ச் வீல்.